மீட்டரும் மீன் டின்னும் என் பெரட்டும்

கண்டி நகரத்துக் கட்டுகலையில் மூன்று மாடிக் கட்டடம் கட்டியவன் நான். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், ஒற்றை அறையில் ஏழு பேரோடு படுத்து எழும்பியவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. நான் அதைக் கைவிடவில்லை. ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் கூரையைக் காற்று பிடுங்கிக்கொண்டு போனபோது, கொழும்பிலிருந்து வந்த எஞ்சினியர் மூன்று மாதம் வேண்டும் என்றார். பத்தொன்பது நாளில் புதிய கூரையைப் பூட்டிவிட்டு, கீழே நின்று அவருக்கே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். கண்டிச் சரிவுகளில் வீடுகளுக்கு ஏறிப் போகும் இரும்புப் படிக்கட்டுகளில் பாதி என் கையால் ஆனவை. ஒன்றாவது ஆடுகிறது என்று யாராவது சொல்லட்டும், அன்றைக்கே தொழிலை விட்டுவிடுகிறேன். இவ்வளவும் கட்டிய கையால் ஒரு விண்வெளிக் கலமும் கட்டியிருக்கிறேன். மீன் டின்னில்.

என்னை அதைக் கட்ட வைத்தவர் மீட்டர்.

கண்டி நகரத்தில் அதிகம் நடந்தவரும், பூமியில் குறைவாக வாழ்ந்தவரும் ஒரே ஆள்தான். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எண்ணை எழுதுவது அவர் உத்தியோகம். அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கத்தான் வேண்டும். அதை யாரும் கேட்டதில்லை. "மீட்டர் வந்துட்டாரு, நாயைக் கட்டு" என்றுதான் தெரு முழுக்கச் சொல்லும். மெலிந்த உடம்பு, கறுப்புக் குடை, தோளில் பை. அந்தப் பையில் மீட்டர் புத்தகம் ஒன்று. செவ்வாய்க் கிரகத்துக்குப் போவது எப்படி என்று அவரே எழுதிய கொப்பிகள் நாலு.

மற்ற மீட்டர்காரர்கள் ஒரு வீட்டில் ஒரு நிமிஷம் நிற்பார்கள். இவர் தரையில் குப்புறப் படுத்து, மீட்டர் பெட்டிக்குள் டார்ச் அடித்து எண்ணைப் பார்ப்பார். பிறகு அப்படியே புரண்டு மல்லாந்து, வானத்தைக் காட்டிக் கதைக்கத் தொடங்கிவிடுவார். எழுபத்திரண்டு படி ஏறிப் போகிற வீட்டில் ஒரு அக்கா இருக்கிறார். படிக்கட்டு அக்கா என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். படிக்குக் கைப்பிடி போட்டவன் நான். அந்த அக்காவிடம் ஒருநாள், விண்வெளிக்குப் போகிறவர்கள் குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மீட்டர் விளக்கியிருக்கிறார்.

"அவங்க கழிக்கிற தண்ணியத்தான் அக்கா, சுத்தம் பண்ணித் திரும்பக் குடிக்கிறாங்க."

"சோறு திங்கிற நேரத்துல வந்து சொல்ற கதையா இது? நம்பரை எழுதிட்டு எறங்குங்க!"

"எழுதிட்டேன் அக்கா. ஆனா ஒண்ணை யோசிச்சுப் பாருங்க. அங்கயும் தண்ணிய அளக்கணும். அங்கயும் ஒரு மீட்டர் வேணும். மீட்டர் இருந்தா அதைப் பாக்குறதுக்கு ஒரு ஆளும் வேணும்."

"அப்ப மொதல்ல நீங்க அங்க போங்க. இந்தத் தெரு கொஞ்சம் நிம்மதியா இருக்கும்."

அக்காவின் வாய் அப்படி. ஆனால் அடுத்த மாதம் மீட்டர் வருகிற நாளில் கதிரையை வாசலில் எடுத்துப் போட்டு வைத்திருப்பார்.

என் வீட்டு மீட்டர் பெட்டிக்கு அரை அங்குலத் தகட்டில் இரும்பு மூடி. தனி ஆளாக மீட்டரால் அதைத் தூக்க முடியாது. "பாஸ், மூடி!" என்று கேட்டில் நின்று கூப்பிடுவார். ஊரில் எனக்கு பாஸ் என்றுதான் பெயர். கைத்தொழில் தெரிந்தவனை வேறு எப்படிக் கூப்பிடுவது? வெல்டிங் வேலையைப் போட்டுவிட்டு நான் அலவாங்குக் கம்பியோடு போய்த் தூக்கிக் கொடுக்க வேண்டும். தூக்கினால் முக்கால் மணி நேரம் போய்விடும்.

அந்த மூடிக்குக் கீழேதான் எங்கள் முதல் சண்டை நடந்தது. ஒருமுறை குழாய் மாற்றும்போது மீட்டர் திசை மாறிப் பூட்டப்பட்டுவிட்டது. யார் பூட்டியது என்பது இங்கே தேவையில்லாத கதை. தண்ணீர் ஓட ஓட முள் பின்பக்கமாகச் சுற்றியது. போன மாதத்தைவிட இந்த மாதம் எண் குறைவு. மீட்டர் எட்டிப் பார்த்தார். எழுந்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் படுத்துப் பார்த்தார்.

"இது நடக்காது பாஸ்."

"நடந்திருக்கே ஐயா. கண்ணால பாக்குறீங்கதானே?"

"கண்ணு பொய் சொல்லும். மீட்டர் முன்னுக்குத்தான் போகும். இருபத்தெட்டு வருஷமாப் பாக்குறேன், ஒரு தடவ கூடப் பின்னுக்குப் போனதில்ல. கொறஞ்ச நம்பர் வந்தா அது பிழை. பழைய நம்பரையே எழுதணும்."

எழுதியேவிட்டார். அவருக்கு அது வேலைச் சட்டம் இல்லை, சமயம். இந்தச் சண்டையை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்திருந்ததால்தான் பின்னால் எல்லாம் பிழைத்தது.

என் கட்டடத்தின் கீழ்த் தட்டில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவர் அலவத்துகொடை நானா. திருத்த முடியாத போன் என்று ஒன்றில்லை. திருத்தியதைத் திருப்பிக் கொடுக்கத்தான் நாளாகும். மீட்டரும் நானாவும் சந்தித்தது என் வாசலில். கடன்காரர்கள்கூட அப்படிச் சண்டை பிடித்து நான் பார்த்ததில்லை. கம்ப்யூட்டருக்கு எந்தப் பாஷையில் கட்டளை எழுத வேண்டும் என்பது சண்டை. நடைபாதையில் வாங்கிய பழைய புத்தகம் ஒன்றை வைத்து, ஐம்பது வயதில் சி என்கிற பாஷையைத் தானாகவே படித்தவர் மீட்டர். நானாவுக்குப் பைத்தன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு போயா நாளும் என் மூன்றாம் மாடியில் கூட்டம். போயாவுக்குக் கந்தோர் பூட்டு, கடை பூட்டு, எனக்கும் வேலை இல்லை. "நிலா முழுசா வர்ற நாளுக்கு அரசாங்கமே லீவு குடுக்குற நாடு இது. விண்வெளிக்குப் போக இதைவிடத் தோதான நாடு எது பாஸ்?" என்று மீட்டர் கேட்பார். பதிலுக்கு நான் தேத்தண்ணிக்குச் சொல்லிவிடுவேன்.

அந்த மாடியில் போகாத கிரகம் இல்லை. ஹந்தானை உச்சியிலிருந்து ராக்கெட் விட்டால் மலை உயரத்துக்கான எரிபொருள் மிச்சம் என்று மீட்டர் ஒரு கணக்குக் கொண்டுவந்தார்.

"நிலாவுக்குப் போற தூரத்துல அந்த மலை ஒரு பீடித் துண்டு" என்றார் நானா.

"பீடித் துண்டா? அந்த மலைய ஏறிப் பாத்துட்டுச் சொல்லுங்க நானா. நான் மாசா மாசம் ஏறுறேன்."

கட்டளை எழுதுவது என்றால் என்ன என்று நான் ஒருநாள் கேட்டேன். மீட்டர் எழுந்து நின்று சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. "என் வேலையேதான் பாஸ். மொத வீட்டுக்குப் போ. மூடியத் தெற. நம்பரைப் பாரு. எழுது. நாய் இருந்தா திரும்பு. அடுத்த வீட்டுக்குப் போ. தெரு முடியிற வரைக்கும் இதையே செய்."

"பைத்தன்ல இது ரெண்டே வரி" என்றார் நானா.

"ரெண்டு வரியில நாயை எங்க வப்பீங்க?"

நானா அன்று மாலை வரை யோசித்தார்.

மீட்டர் எழுதும் கட்டளைகளுக்கு நடுவே சில வரிகள் இரண்டு சாய்ந்த கோட்டோடு தொடங்கும். அவற்றைக் கம்ப்யூட்டர் வாசிக்காதாம். பின்னால் வருகிற மனிதர் வாசித்துப் புரிந்துகொள்வதற்காம். அந்த வரிகளில் மீட்டர் என்னென்னவோ எழுதி வைப்பார். "இன்று மழை." "இந்த இடத்தில் நானா கோபித்துக்கொண்டார்." "படிக்கட்டு அக்கா கொடுத்த தேத்தண்ணியில் சீனி போதாது." கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் ஒரு டயரி.

இப்படிக் கதையும் தேத்தண்ணியுமாகப் போய்க்கொண்டிருந்த சங்கத்துக்கு வினை வந்தது ஒரு முறைப்பாட்டினால். யாரோ ஒரு வீட்டுக்காரர் மீட்டருடைய கந்தோருக்கு எழுதிவிட்டார். ஒளியின் வேகத்தை வாசலில் நின்று கேட்டதில் அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துவிட்டதாம். மேலதிகாரி கூப்பிட்டு விசாரித்ததை மீட்டரே வந்து சொன்னார்.

"இனிமே வெளிய ரீடிங் எடுக்கப் போக வேணாமாம் பாஸ். உள்ளுக்குள்ள ஒரு கதிரை போட்டுத் தாராங்களாம். ஜன்னல் இல்லாத ரூம்."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"அடுத்த மாசம் திகனப் பக்கம் ஒரு மைதானத்துல போட்டி இருக்கு, அதுல நாங்க ஜெயிச்சா என்னை வெளியிலயே விட்டுருங்கன்னு சொன்னேன். தோத்தா நானே வந்து கதிரையில உக்காந்துர்றேன், அப்புறம் வானம்னு வாயத் தெறக்க மாட்டேன்னேன்."

"அவரு?"

"சிரிச்சாரு. சிரிச்சிட்டு, சரின்னாரு."

மனுஷன் தன் வாயையே பந்தயமாக வைத்துவிட்டு வந்திருந்தார்! அந்த வாய் மூடினால் கட்டுகலையிலிருந்து மேலே எழுபத்திரண்டு படி வரைக்கும் எவ்வளவு அமைதியாகிவிடும் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை.

விண்வெளிப் பைத்தியம் பிடித்த இளைஞர் சங்கம் ஒன்று நடத்துகிற போட்டி அது. ஒவ்வொரு அணியும் ஒரு டின்னுக்குள் அடங்குகிற கலம் ஒன்றைச் செய்து கொண்டுவர வேண்டும். டிரோன் அதை நானூறு அடி உயரத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். விழுகிற டின் தன் உயரத்தைத் தானே பார்த்து, சரியாக இருநூறு அடிக்கு வந்ததும் தன் குடையைத் தானே விரிக்க வேண்டும். உள்ளே ஒரு பச்சை முட்டை. முன்னதாக விரிந்தால் காற்று டின்னை அள்ளிக்கொண்டு போய்விடும். விரியாவிட்டால் முட்டை போய்விடும். பல்கலைக்கழகப் பிள்ளைகள், கொழும்பிலிருந்து கம்பெனிக்காரர்கள் என்று பதினொரு அணி. பன்னிரண்டாவது, கட்டுகலைப் போயா சங்கம்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். கட்டளை மீட்டர். சின்னச் சின்னக் கருவியெல்லாம் நானா. டின் நான். பெரிய மீன் டின் ஒன்றை வெட்டி, உள்ளே மூன்று தட்டு வைத்து, முட்டைக்கு ரப்பர்த் தொட்டில் கட்டி, மேலே குடையைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி வைத்து ஈயம் பற்ற வைத்தேன். குடைத் துணிக்கு மீட்டர் தன் கந்தோர்க் குடையையே வெட்டிக் கொடுத்துவிட்டார். கண்டி மழையில் ஒரு மாதம் நனைந்துகொண்டே மீட்டர் பார்த்தார்.

போட்டிக்கு முந்திய போயா நாளில், ஹந்தானைப் புல்வெளியில் சோதனை. நானாவின் மச்சான் கல்யாண வீடுகளில் படமெடுக்கும் டிரோனோடு வந்தார். டின் ஏறியது, விடப்பட்டது, கல்லைப் போல வந்து புல்லில் குத்தியது. குடை விரியவில்லை. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறையும் அப்படியே. மூன்று முட்டை. என் டின் மட்டும் ஒரு நெளிவோடு சரி, மற்றபடி உறுதி. அதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

"பைத்தன்ல எழுதுங்க, எழுதுங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா?" என்று நானா பாய்ந்தார்.

"பேட்டரிதான் பிழை. உங்க பேட்டரி!"

"என்ட பேட்டரிக்கு என்ன? சும்மா பழி செல்லாதீங்க!"

இரண்டு பேரும் மூக்கும் மூக்கும் முட்ட நின்றார்கள். எனக்கு இரண்டு பாஷையும் தெரியாது. ஆனால் ஒரு சாமான் உடைந்தால் முதலில் அந்தச் சாமானிடம்தான் கேட்க வேண்டும் என்பது என் தொழில். "சண்டைய நிறுத்துங்க. டின்னு தன்னோட உயரத்தை எழுதி வச்சிருக்குந்தானே? அதை வாசிங்க" என்றேன்.

நானா டின்னைக் கம்ப்யூட்டரில் பூட்டி வாசித்தார். "நூறு. இருநூறு. முந்நூறு. நானூறு. நானூறு. நானூறு. நானூறு..."

"இப்ப டின்னு எங்க இருக்கு நானா?"

"உங்கட காலடியில."

"அது என்னா சொல்லுது?"

"நானூறு அடி ஒசரத்துல ஈக்கிறேன்னு செல்லுது."

முட்டைக்கரு புல்லில் வழிகிறது. டின் மட்டும் இன்னும் வானத்தில் இருக்கிறதாம்! அந்த நொடியில் என் வீட்டு வாசலும், இரும்பு மூடியும், அன்றைய சண்டையும் எனக்கு முன்னால் வந்து நின்றன.

"மீட்டரு, ஒண்ணு கேக்குறேன். புது நம்பர் பழைய நம்பரைவிடக் கொறஞ்சா டின்னு என்னா பண்ணும்?"

மீட்டர் பெருமையாக நிமிர்ந்தார். "அது பிழையான ரீடிங் பாஸ். எடுத்துக்காது. பழைய நம்பரையே வச்சிக்கும். அதை மொத வரியிலேயே எழுதிட்டேன்."

நாங்கள் இரண்டு பேரும் அவரையே பார்த்தோம். மச்சான் டிரோனைத் துடைப்பதை நிறுத்திவிட்டார்.

"அப்ப... எறங்குறது?" என்றார் நானா மெதுவாக.

மீட்டரின் வாய் திறந்தது. திறந்தபடியே இருந்தது. அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். "ஆமா. எறங்குனா கொறயுந்தானே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இருபத்தெட்டு வருஷம் முன்னுக்கு மட்டும் போகிற எண்ணைப் பார்த்த மனுஷன், கீழே வருகிற எண் ஒன்று உலகத்தில் உண்டு என்பதையே மறந்துவிட்டார்!

நானா சிரிக்கப் போனவர் சிரிக்கவில்லை. மீட்டரின் முகம் அப்படி இருந்தது. "பாஸ், நான் கதிரைக்கே போயிர்றேன். சின்னப் பிள்ளைக்குத் தெரியிற விஷயம். இந்த மூளையை வச்சிக்கிட்டு செவ்வாய்க்குப் போறேன்னு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சேன்."

"எந்திரிங்க" என்றேன். "ஒரு வரியத் திருத்த முடியாம கதிரைக்குப் போறதா? திருத்துங்க. அதோட இன்னொண்ணும் எழுதுங்க. பெரட்டு எடுங்க."

"பெரட்டா?"

மீட்டர் டவுனில் வளர்ந்தவர். நானாவுக்கும் தோட்டம் தெரியாது. நான்தான் சொல்லிக் கொடுத்தேன். தோட்டத்தில் விடியற்காலை எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். அதுதான் பெரட்டு. கூப்பிட்டவுடன் ஆள் குரல் கொடுக்க வேண்டும். குரல் வராவிட்டால் ஆள் இல்லை என்று அர்த்தம். "மலைக்கு அனுப்புறதுக்கு முன்னாடி பேர் கூப்பிடுவாங்க. கொழுந்து நிறுக்கிற நேரத்துல கூப்பிட்டு என்னாத்துக்கு? டின்னுக்குள்ள இருக்கிற ஒவ்வொருத்தனையும் மேல போறதுக்கு முன்னாடி பேர் சொல்லிக் கூப்பிடுங்க. பேட்டரி எங்கேன்னா பேட்டரி சத்தம் குடுக்கணும். உயரம் பாக்குறவன் எங்கேன்னா அவன் குடுக்கணும். கொக்கியும் குடுக்கணும். எல்லாரும் குரல் குடுத்தாத்தான் டின்னு கெளம்பணும்."

நானாதான் முதலில் எழும்பினார். "பாஸ், ஐஞ்சாம் வகுப்புன்னு சும்மா செல்லித் திரியாதீங்க" என்றார். கொக்கி இடத்தில் இருக்கிறதா என்று சொல்ல ஒரு பொடிச் சுவிட்சும், கீச்சிட ஒரு மணியும் அவர் வைத்தார். கட்டளையை மீட்டர் எழுதினார். சி பாஷையில், இரண்டு பேரும் சண்டை பிடிக்காமல் எழுதிய ஒரே பக்கம் அதுதான்.

போட்டி நாள். முட்டை கொடுத்து அனுப்பியது படிக்கட்டு அக்கா. அவர் வீட்டுக் கோழி போட்டது. "ஒடைச்சுக்கிட்டு வந்தீங்கன்னா இந்தப் படி ஏறவே வேணாம். நம்பரை நானே மேல இருந்து கத்துறேன்" என்று சொல்லித்தான் கொடுத்தாராம். சொல்லிவிட்டு அவரும் பஸ் ஏறி மைதானத்துக்கு வந்துவிட்டார். மேலதிகாரியும் வந்து ஓரத்தில் நின்றார்.

எங்களுக்கு முன்னால் எட்டு டின் ஏறின. இரண்டுக்குக் குடை விரியவே இல்லை. ஒன்றுக்கு ஏறும்போதே விரிந்து, டின் மகாவலி ஆற்றுப் பக்கமாகப் புறப்பட்டுப் போனது. பின்னால் அந்தக் கம்பெனிக்காரர்கள் சப்பாத்தோடு ஓடினார்கள். பல்கலைக்கழகப் பிள்ளைகளுடையது அழகாக இறங்கியது. முட்டையில் மயிரிழை விரிசல் மட்டும்.

எங்கள் முறை. மீட்டர் சுவிட்சைப் போட்டார். டின் பெரட்டு எடுத்தது. கீச். பேட்டரி இருக்கிறது. கீச். உயரம் பார்ப்பவர் இருக்கிறார். பிறகு ஒன்றுமில்லை.

"ஒருத்தன் பெரட்டுக்கு வரல்ல" என்றேன்.

கொக்கி. ஓட்டோவில் திகன வரைக்கும் குலுங்கி வந்ததில் அதன் கம்பி ஈயம் விட்டிருந்தது. அப்படியே ஏற்றியிருந்தால் டின் சரியான இடத்தில் சரியான கட்டளையைச் சொல்லியிருக்கும்; கேட்கக் கொக்கி இருந்திருக்காது. நாலாவது முட்டை.

"மூன்று நிமிஷம்தான் இருக்கு" என்றார் நடுவர்களில் ஒருவர்.

பற்றவைக்கிற கோலில்லாமல் நான் கல்யாண வீட்டுக்குக்கூடப் போவதில்லை. தேத்தண்ணிக் கடையில் மின்சாரம் வாங்கி, கோல் சூடாகிற வரைக்கும் நிமிஷத்தை எண்ணிக்கொண்டே நின்றேன். மீட்டர் டின்னைப் பிடித்துக்கொண்டார். "மீட்டரு, கை ஆடுது." "ஆடாது பாஸ்." "ஆடுது ஐயா!" நானா வந்து மீட்டரின் மணிக்கட்டைப் பிடித்தார். அரிசியளவு ஈயம், ஒரே சொட்டு. திரும்ப சுவிட்ச். கீச், கீச், கீச்!

டிரோன் தூக்கிக்கொண்டு போனது. புள்ளியானது. விட்டது.

மீட்டர் வானத்தைப் பார்க்கவில்லை. ஆயுள் முழுக்க வானத்தையே பார்த்தவர், அந்த நேரம் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "கொறயும், கொறயும், கொறயும்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். டக்கென்று மேலே ஒரு கறுப்புப் பூ. கந்தோர்க் குடை! கூட்டம் கத்தியது. படிக்கட்டு அக்கா, "விரிஞ்சிருச்சு, கண்ணைத் தொறய்யா!" என்று மைதானமே அதிரக் கூப்பிட்டார். டின் ஆடி ஆடி வந்து, வட்டத்துக்குள்ளேயே, பூனை உட்காருகிற மாதிரி உட்கார்ந்தது.

தலைமை நடுவர் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவர். டின்னைத் திறந்து முட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு கீறல் இல்லை. பிறகு மீட்டர் எழுதிய கட்டளையைத் திரையில் வாசித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"இதென்ன, பெரட்டு எண்டு ஒரு பகுதி இருக்கு?"

மீட்டர் விளக்கினார். அந்த அம்மா முழுவதையும் கேட்டார். "ஓம், இதைத்தான் நான் பிள்ளையளுக்கு ஒரு வருசமாச் சொல்லிக்கொண்டு வாறன். ஒருத்தரும் செய்யேல்லை. ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்றார். மீட்டர் என் பக்கம் கையைக் காட்டினார். அந்த அம்மா என்னைப் பார்த்துக் கும்பிட்டார். ஐந்தாம் வகுப்பில் என்னைக் கைவிட்ட பள்ளிக்கூடம் இதைப் பார்த்திருக்க வேண்டும்.

முதலாம் இடம். மேலதிகாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "சரி, கதையுங்க. ஆனா ஒரு வீட்டுக்குப் பத்து நிமிஷம்" என்றார். போகப் போனவர் திரும்பி வந்து, "நிலாவுல தண்ணி இருக்குங்கிறது மெய்தானா?" என்று கேட்டார். மீட்டர் அவரை முக்கால் மணி நேரம் விடவில்லை. முட்டையை அன்றே தேத்தண்ணிக் கடையில் அவித்து, தையல் நூலால் மூன்றாக அறுத்துச் சாப்பிட்டோம். உப்பு அக்கா கொண்டுவந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சான்றிதழ் வந்தது. அதில் மீட்டர், நானா இரண்டு பேருடைய பெயரைப் போட்டுவிட்டு, கீழே "உதவி: வெல்டிங் கடை ஒன்று" என்று அச்சடித்திருக்கிறார்கள். கடை ஒன்றாம்! கடையா பெரட்டு எடுத்தது? மீட்டரைப் பிடித்துக் கேட்டேன்.

"பேரைக் கேட்டாங்க பாஸ். எனக்கு உங்க பேரு தெரியலையே. தண்ணி பில்லு இன்னமும் பழைய காணிக்காரர் பேர்லதானே வருது."

எனக்குக் கோபம் வரவில்லை, ஏனென்றால் அந்தச் சான்றிதழைப் பார்த்துத்தான் அவருடைய பெயரை நானும் முதல்முறையாகத் தெரிந்துகொண்டேன். அந்தப் பெயர் அவருக்குப் பொருந்தவே இல்லை.

ஆனபடியால் இந்தப் பத்திரிகை வழியாகக் கேட்கிறேன். சான்றிதழ் போகட்டும். கட்டளையில், பெரட்டு தொடங்குகிற இடத்துக்கு மேலே, கம்ப்யூட்டர் வாசிக்காத, மனுஷர் மட்டும் வாசிக்கிற அந்த வரியில், "இது பாஸ் சொன்னது" என்று மீட்டர் தன் கையால் எழுத வேண்டும். எழுதும்போது இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளட்டும். மீட்டர் பெட்டிக்கு அரை அங்குலத் தகட்டில் மூடி போடுகிற வெல்டிங்காரன் உலகத்தில் இல்லை. ஒரு விரலால் தூக்குகிற மூடியை நான் அரை மணி நேரத்தில் செய்துவிடுவேன். செய்திருந்தால், அவர் எண்ணை எழுதிக்கொண்டு என்னைக் கூப்பிடாமலே போயிருப்பார். அந்த மூடியும் என் வேலைதான் என்று எழுதச் சொல்லுங்கள்.